பன்னிரண்டு கற்களும் இருபத்திரண்டு அடியும்

இந்தக் காலத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் பொருளைத் தேடுவதில்லை. ஆளைத் தேடுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் போன மாதம் மூன்றாம் மாடிக்காரரின் செருப்பில் ஒன்றைக் காணோம். நாலு பேர் கேமராவைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பார்சல் கொண்டுவந்த ஆளைப் பிடித்து மிரட்டினார்கள். மனுஷன் கண்கலங்கிப் போனான். செருப்பு, ஸ்டாண்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அதற்கப்புறம் ஒருத்தராவது அவனிடம் மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. கேமராவில் சரியாகத் தெரியவில்லை என்று கேமராவின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

முதலில் ஆள், அப்புறம் குற்றம். இப்போது இதுதான் வழக்கம். முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர் செய்தவனுக்கு இந்த வயதில் துப்பறியும் வேலை ஓயாமல் வருகிறதென்றால் காரணம் இதுதான்.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு தையல்காரி ஆபீஸுக்குள் வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறாள்.

"ஐயா, எங்க அண்ணனை இன்னிக்கு நாலு மணிக்குப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. அவரு ஒரு தப்பும் பண்ணல."

"எல்லா வீட்டு அண்ணனும் அப்படித்தாம்மா," என்றேன்.

"மாமா வணக்கம் சொல்ற விதமே இதுதான், தப்பா நினைக்காதீங்க. உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் என் மருமகள்.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். மருமகள்தான் எனக்குக் காரோட்டி, உதவியாள், எல்லாம். நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவள் ஒன்பது பேசிவிடுவாள். பாதி கேலி. மீதி பாதியில் எனக்கு வேண்டிய துப்பு இருக்கும் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

தையல்காரி விஷயத்தைச் சொன்னாள். ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு நிலம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தின் அணுக்கழிவைக் கான்கிரீட் பெட்டிகளில் அடைத்து அங்கே புதைத்தார்கள். வேலி போட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று வேலி போடவில்லை. சுற்றிலும் பன்னிரண்டு எல்லைக் கற்களை மட்டும் நட்டார்கள். அந்தக் கற்களுக்குள் ஒருவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. அண்ணன் அங்கே இருபத்தாறு வருஷமாகக் காவலாளி.

"போன வாரம் செயற்கைக்கோள் கருவியை வெச்சுப் புதுசா அளந்தாங்க. பன்னிரண்டு கல்லும் பழைய படத்துல இருக்கிற இடத்தைவிட சரிவுல இருபத்திரண்டு அடி கீழே தள்ளி இருக்காம். மேல ரோட்டோரமா ஒருத்தர் மனை போட்டு விக்கிறாரு. கல்லு கீழே எறங்கினா அந்த இடம் அவருக்கு லாபம். அவருகிட்ட கை நீட்டிட்டு எங்க அண்ணன்தான் கல்லை நகர்த்திட்டாருன்னு சொல்றாங்க."

"உங்க அண்ணன் என்ன சொல்றாரு?"

"கல்லு ஒரு அங்குலம்கூட நகரலைன்னு சொல்றாருய்யா. மாசாமாசம் அளந்தேன்னு சாதிக்கிறாரு."

செயற்கைக்கோள் ஒன்று சொல்கிறது, காவலாளி ஒன்று சொல்கிறான். இரண்டையும் நான் நம்பவில்லை. எழுந்தேன்.

பின்சீட்டில் தையல்காரி, முன்சீட்டில் நான். சரிவில் கார் முனகிக்கொண்டே ஏறியது. சாலையின் இரண்டு பக்கமும் மண் அரித்து, மரவேர்கள் வெளியே தொங்கின. இரண்டு வாரத்துக்கு முன்னால் பெய்த மழை. மூன்று மாதம் பெய்யவேண்டியதை இப்போதெல்லாம் மூன்றே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. மற்ற நாளெல்லாம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

"மாமா, அணுக்கழிவுன்னா இருட்டுல மின்னுமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாரு."

"மின்னினா நல்லதுதானே. ஹெட்லைட் ஒண்ணு எரியல."

மேலே ஒரு தட்டையான வெளி. புல், கற்கள், நடுவில் ஓர் அறை. இவ்வளவுதானா என்று இருந்தது. பயப்பட ஒன்றுமில்லாத மாதிரி இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பொறுப்பதிகாரி காத்துக்கொண்டிருந்தார். சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம், அவ்வளவு விறைப்பு. "இஸ்திரி," என்று மருமகள் என் காதில் பெயர் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை.

"பெரியவரே, கருவி பொய் சொல்லாது," என்றார் இஸ்திரி. "மூணு தடவை அளந்தாச்சு. இருபத்திரண்டு அடி. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது. பாஸ் பண்ணல."

"அப்ப இதெல்லாம் உங்களுக்கு..."

"கல்லைப் பார்க்கலாமா சார்?" என்று குறுக்கே பாய்ந்தாள் மருமகள். "கல்லுக்குப் படிப்பு தேவையில்லையே."

முதல் கல்லுக்குப் போனேன். இடுப்பளவு உயரம், வெள்ளை அடித்திருந்தது. குனிந்து அடியைப் பார்த்தேன். பச்சைப் பாசி கல்லிலிருந்து இறங்கி அப்படியே மண்ணில் படர்ந்திருந்தது, ஒட்டுப்போடாத துணி மாதிரி. பக்கத்தில் எறும்புப் புற்று ஒன்று. புற்றின் ஒரு பக்கச் சுவரே கல்தான்.

"இதைத் தோண்டி எடுத்து நட்டிருந்தா பாசி அறுந்திருக்கும்," என்றேன்.

"எறும்புங்க வீட்டைக் காலி பண்ணியிருக்கும்," என்றாள் மருமகள். "இதுங்க நாலு தலைமுறையா இங்கேயே குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு."

பன்னிரண்டு கற்களையும் பார்த்தோம். பன்னிரண்டும் அப்படியே. ஒன்றிலும் கடப்பாரை பட்ட தடம் இல்லை.

காவலாளி அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், முழங்கையை முழங்காலில் ஊன்றித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் எழுந்தார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிப்பா அளப்பே?" என்று கேட்டேன்.

"காலாலதான் ஐயா. இந்த வாசப்படியில குதிகாலை வெச்சு ஆரம்பிப்பேன். முதல் கல்லுக்கு அறுபத்து நாலு எட்டு. இருபத்தாறு வருஷமா அறுபத்து நாலுதான்."

நடந்து காட்டினார். நானும் கூடவே எண்ணினேன். அறுபத்து நாலாவது எட்டில் அவர் கட்டைவிரல் கல்லைத் தொட்டது. அவர் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்தது. இஸ்திரியைப் பார்த்ததும் போய்விட்டது.

"நாடகம்," என்றார் இஸ்திரி. "எட்டை நீட்டிப் போட்டா எந்தக் கணக்கும் வரும்."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் பன்னிரண்டு கல்லுக்கும் பன்னிரண்டு கணக்கை அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார் போலிருந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டான். அவனுக்குச் சோம்பல் அதிகம்.

அறைக்குள் போனேன். கட்டில், மேஜை, ஒரு நோட்டு, ஒரு பல்பு. திரும்பிக் கதவைச் சாத்தினேன். பழக்கதோஷம். எந்த அறைக்குப் போனாலும் என் கை முதலில் தாழ்ப்பாளுக்குத்தான் போகும்.

கதவு நிலையில் தாழ்ப்பாள் போய் விழ ஒரு துளை இருக்கும். இங்கே ஐந்து இருந்தன. ஒன்றின்கீழ் ஒன்றாக, விரற்கடை விரற்கடையாக. மேலே இருந்த நாலிலும் மரத்தூளை வைத்து அடைத்திருந்தது.

"இது என்னப்பா, புல்லாங்குழலா?"

காவலாளி வெட்கத்தோடு சிரித்தார். "மழைக்கு மரம் வீங்கிடுது ஐயா. ஒவ்வொரு மழைக்கும் தாழ்ப்பாள் சேர மாட்டேங்குது. புதுசாத் துளை போடுவேன்."

"எத்தனை மழையா?"

"நாலு மழையா, வருஷத்துக்கு ஒண்ணு. அதுக்கு முன்னாடி இந்தத் தொல்லை இல்லை."

வீங்கிய மரம் வெயிலில் சுருங்கிப் பழைய துளைக்கே வந்துவிடும். முப்பது வருஷத்தில் இதுகூடத் தெரியாமலா இருக்கும் எனக்கு? இது திரும்பி வரவில்லை. ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

"மாமா, இங்க வாங்க," என்று வெளியேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். "இந்த வீட்டுக் கரண்ட் கம்பியில கலர் கலரா பாசிமணி கோத்திருக்காங்க."

ரோட்டோரக் கம்பத்திலிருந்து அறைக்கு ஒயர் வந்தது. தொய்வே இல்லை, வில்லின் நாண் மாதிரி விறைத்திருந்தது. பாதிக்கு மேல் பழைய கறுப்பு ஒயர். அறையை நெருங்கும்போது சிவப்புத் துண்டு, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் சாம்பல் நிறம்.

"அதுவா?" என்றார் காவலாளி. "மழைக்கு ஒயர் சுருங்கிடுது போல. அறுந்துடும். எலக்ட்ரீஷியன் வந்து ஒரு துண்டு ஒட்டுப்போட்டுட்டுப் போவாரு."

"மரம் வீங்குது, ஒயர் சுருங்குது," என்றாள் மருமகள். "இந்த மழைக்குத் தோணினதெல்லாம் பண்ணுதே!"

நான் தையல்காரியின் கழுத்தைப் பார்த்தேன். "அந்த டேப்பை எடும்மா."

ஒவ்வொரு ஒட்டுக்கும் நேர் கீழே தரையில் ஒரு கூழாங்கல்லை வைத்தேன். கல்லுக்குக் கல் அவள் டேப் பிடித்தாள். சட்டைக்கு அளவெடுக்கிற கை, ஒரு நூல் பிசகாது.

"சிவப்பு, நாலு அடி," என்றாள். "பச்சை அஞ்சு. மஞ்சள் ஆறே கால். சாம்பல் ஏழு."

"இருபத்திரண்டே கால்," என்றாள் மருமகள். அவள் குரலில் கேலி பாதியாகக் குறைந்திருந்தது. "கால் அடி எலக்ட்ரீஷியனோட தாராள மனசு."

இஸ்திரி கையில் போனுடன் அப்படியே நின்றார்.

"சார்," என்றேன். "கல்லை ராத்திரியோட ராத்திரியாத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். ஒத்துக்கறேன். இந்த அறையை எந்த வண்டியில ஏத்தினாரு உங்க காவலாளி?"

அவர் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தரும் கல்லை நகர்த்தல. மலையே நகர்ந்திருக்கு. கல்லு, அறை, எறும்புப் புத்து, இந்த மனுஷன், எல்லாரும் அது மேல உக்காந்து கூடவே போயிருக்காங்க. இவரு அளந்தது தப்பில்லை. வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல அளந்துக்கிட்டே இருந்திருக்காரு. அறுபத்து நாலு அறுபத்து நாலாத்தானே இருக்கும்?"

காவலாளி மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, சுட்டது போல எழுந்துகொண்டார். இருபத்தாறு வருஷம் குதிகால் வைத்த படி அது.

ஒயருக்குக் கீழேயே ரோட்டுப் பக்கம் நடந்தோம். மனைக்காரரின் எல்லைக்குச் சற்று இப்பால் புது மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தது. மருமகள் அதில் கால் வைத்தாள். முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள்.

"மாமா! என்னை அணு உள்ள இழுக்குது!"

கையைக் கொடுத்துத் தூக்கினேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது. குழிக்குள் பார்த்தால் மண்ணுக்கடியில் ஆள் விழுகிற அளவுக்கு ஒரு பிளவு, சரிவின் குறுக்காக நீளமாய் ஓடியது. வெடிப்பைப் பார்த்தால் மனை வாங்க வருகிறவன் ஓடிவிடுவான் என்று மூடி வைத்திருக்கிறார் அந்த மனிதர். வெயிலில் வாய் பிளக்கிறது, மழைத்தண்ணீர் மொத்தமும் உள்ளே இறங்குகிறது, அடியில் களிமண் சோப்பு மாதிரி ஆகிறது. இதற்கு அஞ்சாம் வகுப்பே அதிகம்.

இஸ்திரிக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் எப்படியும் வந்துவிடும்.

"பருவநிலை மாற்றம், பெரியவரே. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தப்ப அந்தக் காலத்து மழையை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. இப்ப பெய்யிறது வேற மழை. ஆனா கவலைப்பட ஒண்ணுமில்லை. நகர்ந்தது மேல் மண். ரெண்டு அடி, மூணு அடி ஆழம் இருக்கும். பெட்டிங்க எட்டு அடியிலேர்ந்து பதினஞ்சு அடி வரைக்கும் ஆழத்துல இருக்கு. அதெல்லாம் அசையல."

"பார்த்தீங்களா?"

"தோண்டக்கூடாதே."

"அப்ப அசையலைன்னு எப்படித் தெரியும்?"

"அசையாதுன்னுதானே புதைச்சாங்க!"

நான் யோசித்தேன். பூட்டுக்குள் எங்கே உடைந்திருக்கிறது என்று பூட்டைப் பிளக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. ஒரு கம்பியை உள்ளே விடவேண்டும். அது நிற்கிற இடம்தான் கோளாறு.

"இங்க தரைக்குள்ள இறங்குற ஓட்டை ஏதாவது இருக்கா?"

"குழாய் இருக்கு ஐயா," என்றார் காவலாளி உடனே. "பெட்டிங்களுக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய். அடியில தண்ணி ஊறுதான்னு பார்க்க. மாசத்துக்கு ஒருவாட்டி நூல்குண்டை இறக்குவேன்."

"எவ்வளவு ஆழம்?"

"முப்பது அடி. ஆனா..." அவர் இஸ்திரியைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா முழுசா இறங்க மாட்டேங்குது. அப்பவே எழுதிக் குடுத்தேன்."

"துருப்பிடிச்சு அடைச்சிருக்கும்," என்றார் இஸ்திரி.

"யாரு பார்த்துச் சொன்னது?"

"நான்தான் எழுதினேன்." குரல் தாழ்ந்தது. "பார்க்கல."

குழாயின் மூடியைத் திறந்து காவலாளி நூலை இறக்கினார். நூலில் அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுகள் அவர் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக உள்ளே போயின. எல்லோரும் வாய்க்குள் எண்ணினோம். எட்டு. பத்து. பதினைந்து. எட்டைத் தாண்டியபோதே மேல் மண் கணக்குப் போயிற்று; பதினைந்துக்குள்ளாவது நிற்கவேண்டும் என்று இஸ்திரி வேண்டிக்கொண்டது அவர் உதட்டிலேயே தெரிந்தது.

நிற்கவில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் நூல் தொய்ந்தது.

"குழாய் அங்கதான் அறுந்திருக்கு," என்றேன். "அதுக்கு மேல இருக்கிறது மொத்தமும் நடந்து வந்திருக்கு. பதினஞ்சு அடியில இருக்கிற பெட்டியும் சேர்த்து."

காவலாளி நூலை இழுத்தார். குண்டின் நுனியில் சாம்பல் நிறச் சேறு, ஈரமாக.

"கையில தொடாதே!" என்று இஸ்திரி கத்திவிட்டு நாலடி பின்னால் போனார். மருமகள் ஆறடி போனாள். தையல்காரி மட்டும் முன்னால் வந்து அண்ணனின் கையிலிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"முந்நூறு வருஷத்துக்குத் தண்ணி எட்டாதுன்னு சொன்னீங்களே சார்," என்றார் காவலாளி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதைத்தானே நான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. இஸ்திரியே ஓடிப்போய், அளவில் சிறு குழப்பம், புகார் வாபஸ் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தையல்காரி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வருவார். என் வேலை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நான் கீழே பார்த்தேன். சரிவின் அடியில் ஓடை பளிச்சிட்டது. ஊருக்குக் குடிதண்ணீர் அங்கேயிருந்துதான் போகிறது.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று இஸ்திரியிடம் கேட்டேன்.

அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "படத்தைத் திருத்திடுவோம்."

"என்ன?"

"கல்லு இருக்கிற இடத்தையே எல்லைன்னு புதுப் படம் போட்டுடுவோம். பெட்டிங்களும் கல்லோடவே வந்திருக்குன்னு நீங்கதானே நிரூபிச்சீங்க? அப்படின்னா கல்லுக்கு உள்ளதான் பெட்டி இருக்கு. எல்லாம் அதது இடத்துலதான் இருக்கு, பெரியவரே. ரொம்ப நன்றி."

வாழ்க்கையில் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன். என் சாவியை வாங்கி என் கண்ணெதிரிலேயே என் பூட்டைத் திறந்தவர் இவர் ஒருவர்தான்.

"முதல் மழைக்கு நாலு அடி, கடைசி மழைக்கு ஏழு," என்றாள் மருமகள். ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். "இங்கேர்ந்து ஓடைக்கு முந்நூறு அடிகூட இருக்காது சார். இது இதே வேகத்துல போனாலே நாப்பது வருஷம்தான். முந்நூறு வருஷம்னு சொன்னது எந்த ஊரு கணக்கு?"

"கமிட்டி போடப் போறோம். வடிகால் வெட்டுவோம், புல்லு நடுவோம். அதுவரைக்கும் ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லிப் பீதியைக் கிளப்பாதீங்க."

"சொல்லுவேன்," என்றேன். "இறங்கின உடனே சொல்லுவேன்."

"யாரு நம்புவா? அஞ்சாவது பாஸ் பண்ணாதவர் சொல்றதை?"

அது மட்டும் உண்மை. ஜனங்கள் கேமராவைக் கேட்பார்கள்.

காவலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இனிமே நான் எங்கேர்ந்து அளக்கறது?"

"ரோட்டுக் கம்பத்துலேர்ந்து அளப்பா. அது நகரல."

அவர் கம்பத்தைப் பார்த்தார். அதற்கு மேலே மலை இன்னும் உயரமாகப் போய்க்கொண்டிருந்தது, மேகத்துக்குள்.

"நகரலைன்னு யாரு பார்த்தா?" என்றார்.

அவர் தோளைத் தட்டிவிட்டு ரோட்டை நோக்கித் திரும்பினேன்.

பின்னால் இஸ்திரியின் குரல் கேட்டது. எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். அடுத்த மழைக்குள் எல்லாம் சரியாகிவிடுமாம். படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். நான் நிற்கவில்லை. காலடியில் தரை கெட்டியாகத்தான் இருந்தது. ஒவ்வோர் எட்டையும் ஊன்றி, அழுத்தி வைத்து நடந்தேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.